மாமிக்கும் ஒரு திறப்பு

எமது பத்திரிகைகளை மட்டும் வாசித்து எம்மை அறிந்துகொள்ள முயலும் ஒருவர், புலம்பெயர்ந்த தமிழர் அனைவரும் காலை முதல் இரவு வரை அரசியல் தீர்வையும் பண்பாட்டுச் சீரழிவையும் பற்றியே விவாதித்துக்கொண்டிருப்பதாக எண்ணக்கூடும். எமது இல்லங்களில் மிக அதிகமாக விவாதிக்கப்படும் விடயம் வேறொன்று. குளியலறை விளக்கை அணைக்காமல் விட்டது யார் என்பதே அது. வெறுமையான ஐஸ்கிறீம் பெட்டிகளைக் கழுவி அடுக்கி வைப்பதா, எறிவதா என்பது அதற்கு அடுத்த இடத்தைப் பெறும். வீட்டில் வயது முதிர்ந்த தாயோ தந்தையோ இருப்பின், இவ்விரு விவாதங்களும் நாள்தோறும் தவறாது நடைபெறும்.

இத்தகைய அற்ப விடயங்களை எழுதுவது பத்திரிகைக்கு அழகா எனச் சிலர் வினவலாம். அற்ப விடயங்கள் என்று நாம் சிரித்து ஒதுக்குகின்றவற்றின் அடியில் அற்பமல்லாத ஒன்று கிடக்கின்றது என்பது என் கருத்து. அதனைக் கூறுவதற்கு என் குடும்பத்தையே எடுத்துக்கொள்கின்றேன். அடுத்த வீட்டைப் பற்றி எழுதினால் அவ்வீட்டார் அனைவரும் கோபிப்பர். என் வீட்டைப் பற்றி எழுதினால் என் மனைவி ஒருவரே கோபிப்பார். எழுதுமுன் அவரிடம் அனுமதி கேட்டேன். "எழுதுங்கோ, ஆனால் நான் சொல்லுறதையும் போடோணும்" என்றார். உரிய இடத்தில் அதனையும் போடுகின்றேன்.

நான்கு வயது அனுசரணையாளர்

என் மனைவியின் தாயார் 1998ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில் ரொறன்ரோ வந்து சேர்ந்தார். நாங்கள் அப்போது ஸ்காபரோவில் ஒரு தொடர்மாடிக் கட்டடத்தின் பதினோராம் மாடியில், இரண்டு அறைகள் கொண்ட வீட்டில் வாடகைக்கு இருந்தோம். மகளுக்கு நான்கு வயது, மகனுக்கு ஒன்றரை வயது. எனக்கு இரண்டு வேலைகள், மனைவிக்கு ஒன்றரை வேலை. மாமி வந்தவுடன் எங்கள் இல்லம் சொர்க்கமாகும் என்று நம்பியிருந்தோம். மாமியும் அவ்வாறே நம்பி வந்தார்.

முதற் சிக்கல் மரியாதையால் வந்தது. யாழ்ப்பாணத்துப் பழைய முறைப்படி மாமியார் மருமகனோடு நேருக்கு நேர் அதிகம் பேசுவதில்லை. நாற்சார் வீட்டில் இந்த முறையைக் கடைப்பிடிப்பது எளிது. மருமகன் முன் விறாந்தையில் இருப்பார், மாமியார் அடுக்களையில் இருப்பார், இடையில் முற்றம் இருக்கும். எங்கள் வீட்டிலோ, நான் சோபாவில் இருந்து கால் நீட்டினால் அது குசினியில் முட்டும். அந்நிலையிலும் மாமி முறை தவறவில்லை. என் மகளை அழைத்து, "அப்பாவைச் சாப்பிட வரட்டாம் எண்டு சொல்லு" என்பார். மகள் மூன்று அடி நடந்து வந்து, "அப்பா, உங்களைச் சாப்பிட வரட்டாம். எனக்குச் சொக்லேற் வாங்கித் தரட்டாம்" என்பாள். இரண்டாவது வாக்கியம் அவளுடைய சொந்தச் சேர்க்கை என்பதைக் கண்டறிய எனக்கு ஒரு மாதம் சென்றது. நோர்வே நாடு எமது விடயத்தில் அனுசரணையாளராக வருமுன்னரே, எங்கள் வீட்டில் ஓர் அனுசரணையாளர் கடமையாற்றியிருக்கின்றார். அவருடைய கட்டணமும் குறைவானதன்று.

இரண்டாவது சிக்கல் மீன். வெள்ளிக்கிழமை தவிர்ந்த நாட்களில் அறக்குளாவின் நடுத்துண்டு என் கோப்பைக்கு வரும். வால்துண்டு என் மனைவியின் கோப்பைக்குப் போகும். மனைவியும் அன்று என்னைப் போலவே பத்து மணித்தியாலம் நின்று வேலை செய்துவிட்டு வந்திருப்பார். "அம்மா, நீங்கள் எனக்கு அம்மாவோ, இவருக்கு அம்மாவோ?" என்று அவர் கேட்பார். மாமி மறுமொழி கூறமாட்டார், அடுத்த நாளும் அதே கோப்பையில் அதே துண்டை வைப்பார். நடுத்துண்டை நான் மனைவியின் கோப்பைக்கு மாற்றினால் சமையல் பிடிக்கவில்லை என்று மாமியின் முகம் வாடும். மாற்றாது உண்டால் மனைவியின் முகம் வாடும். ஒரு மீன்துண்டை வைத்துக்கொண்டு உயிர் வாழ்வது எத்துணை கடினம் என்பதை அந்நாட்களில் அறிந்தேன்.

மூன்றாவது சிக்கல், கணவனும் மனைவியும் சண்டையிடுவதற்கு இடமின்மை. இதனை எவரும் வெளியில் கூறுவதில்லை. சண்டையிடாத தம்பதியர் இல்லை. ஆனால் சண்டைக்கு ஓர் அறையும் ஒரு கதவும் தேவை. மாமிக்கு விளங்கக்கூடாது என்று நாங்கள் ஆங்கிலத்தில் சண்டையிட்டுப் பார்த்தோம். அக்காலத்தில் எங்களுடைய ஆங்கிலம் தொழிற்சாலையில் மேற்பார்வையாளரிடம் லீவு கேட்பதற்கு மட்டுமே போதுமானது. பாதிச் சண்டையில் சொல் கிடைக்காது இருவரும் விழித்துக்கொண்டு நிற்போம். ஒரு நாள் மாமி மகளிடம் கூறினார்: "இங்கிலீசிலை சண்டை பிடிச்சாலும் முகம் தமிழிலைதானே கிடக்கு."

அதன் பின்னர் சண்டையை நிலக்கீழ் வாகனத் தரிப்பிடத்திற்கு மாற்றினோம். காரின் கண்ணாடிகளை உயர்த்திவிட்டு இருபது நிமிடம் பேசுவோம். அங்கும் அமைதி நீடிக்கவில்லை. ஒரு ஞாயிறு மாலை, அடுத்த வீட்டுப் பெரிய பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு என் மகள் வந்து கண்ணாடியில் தட்டினாள். "அம்மம்மா கேக்கிறா, சண்டை முடிஞ்சுதோ எண்டு. பிட்டு ஆறுதாம்."

மாமியும் குறையற்றவர் அல்லர். இங்கு நடப்பது இலண்டனிலுள்ள அவருடைய தங்கைக்குத் தொலைபேசியில் செல்லும். இலண்டனிலிருந்து பாரிசுக்குச் செல்லும். பாரிசிலிருந்து என் சொந்த அக்கா என்னை அழைத்து, "என்னடா, நேற்று வீட்டிலை ஏதோ பிரச்சினையாம்" என்று விசாரிப்பார். எங்கள் குசினியில் பானை ஆறுமுன் செய்தி அத்திலாந்திக் கடலை இரு முறை கடந்துவிடும்.

இவற்றையெல்லாம் நண்பர்களுக்குக் கூறிச் சிரித்திருக்கின்றேன். சிரிப்பு அடங்கியது 1999 பெப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை.

மிளகாய் வறுத்த நாள்

அன்று நாங்கள் இருவரும் வேலைக்குச் சென்ற பின்னர் மாமி தூளுக்கு மிளகாய் வறுத்தார். கடைத்தூள் அவருக்குப் பிடிப்பதில்லை. குசினியில் காற்றோட்டம் இல்லை, வெளியே கடுங்குளிர். கார நெடி பிள்ளைகளுக்கு இருமலை உண்டாக்கவே, மாமி நல்லெண்ணத்தோடு வெளிக்கதவைத் திறந்து புகையை நடைபாதைக்கு விட்டார். நடைபாதைக் கூரையில் இருந்த கருவி அதனை உணர்ந்தது. கட்டடம் முழுவதும் பயர் அலாரம் அலறியது.

மாமி என்ன செய்தார் என்பதைப் பின்னர் என் மகளும் அயலவர்களும் கூறக் கேட்டோம். அவர் அடுப்பை அணைத்தார். மகனைத் தூக்கி இடுப்பில் வைத்தார். மகளுக்குச் சப்பாத்தும் குளிர்ச்சட்டையும் போட்டார். அலுமாரியின் கீழ்த்தட்டிலிருந்து ஒரு பையை எடுத்தார். கடவுச்சீட்டு, பிறப்புச் சான்றிதழ், காணி உறுதிப் பிரதி, எங்களுடைய குடிவரவுப் பத்திரங்கள் அனைத்தும் அதில் இருந்தன. அப்பத்திரங்கள் எங்கே இருக்கின்றன என்பது எனக்கே தெரியாது. அவர் வந்த வாரமே தேடி ஒன்றாக்கி வைத்திருக்கின்றார். தமக்குக் குளிர்ச்சட்டை போட மறந்து, சேலையோடும் செருப்போடும், ஒரு பிள்ளை இடுப்பிலும் ஒரு பிள்ளை கையிலுமாகப் பதினொரு மாடி இறங்கினார். 1995 ஒக்டோபர் 30ஆம் நாள் இரவு, வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் ஒரே வீதியில் தென்மராட்சியை நோக்கி நடந்தபோது நடந்தவர்களுள் அவரும் ஒருவர். அலாரம் அடித்தால் என்ன எடுக்க வேண்டும் என்பதை அவருக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை.

தீயணைப்பு வண்டிகள் வந்தன. தீ இல்லை, மிளகாய் மட்டுமே என்று கண்டு சென்றன. குடியிருந்தோர் முணுமுணுத்துக்கொண்டு மேலே சென்றனர். மாமியும் சென்றார். ஆனால் எங்கள் வீட்டுக் கதவு இழுத்தவுடன் தானாகவே பூட்டிக்கொள்ளும் வகையைச் சேர்ந்தது. வீட்டிற்கு இரண்டு திறப்புகளே இருந்தன. ஒன்று என் காற்சட்டைப் பையிலும் மற்றையது மனைவியின் கைப்பையிலும் இருந்தன. மாமியிடம் திறப்பு இருக்கவில்லை. வந்து ஐந்து மாதங்களாகியும், அவருக்கு ஒரு திறப்புத் தேவைப்படும் என்று எங்களுள் எவருக்கும் தோன்றவில்லை. வீட்டை விட்டு வெளியே செல்லாத ஒருவருக்குத் திறப்பு எதற்கு?

கட்டடப் பொறுப்பாளரிடம் கேட்பதற்கு மொழி இல்லை. எங்கள் வேலைத்தலத் தொலைபேசி இலக்கங்கள் குளிர்சாதனப் பெட்டியின் மேல் ஒட்டப்பட்டிருந்தன. பெட்டியோ கதவுக்கு உட்புறம். நான்கு மணித்தியாலத்திற்கும் மேலாக அவர் இரு பிள்ளைகளோடும் கீழ்த்தள வாயில் மண்டபத்தில் அமர்ந்திருந்தார். யாரோ ஒரு முதிய சீனப் பெண்மணி தம் மேற்சட்டை ஒன்றை அவர் தோளில் போட்டுச் சென்றிருக்கின்றார். முதல் வேலை முடித்து, உடை மாற்ற வீடு வந்த நான் இவ்வாறே அவர்களைக் கண்டேன்.

அனுசரணையாளர் மடியில் உறங்கிவிட்டிருந்தமையாலோ என்னவோ, மாமி முதன்முறையாக என் முகத்தைப் பார்த்து நேராகப் பேசினார்.

"தம்பி, எனக்கும் ஒரு திறப்பு வெட்டித் தாங்கோ."

அன்றிரவு மனைவி பத்திரங்களை அடுக்கியபோது பையின் அடியில் ஒரு பழைய திறப்பு இருந்தது. ஊரில் வீட்டைப் பூட்டிவிட்டு நடந்தபோது எடுத்து வந்த திறப்பு. அவ்வீடு பின்னர் செல்விழுந்து தரைமட்டமானது மாமிக்கும் தெரியும். ஆயினும் தென்மராட்சி, வன்னி, வவுனியா, கொழும்பு லொட்ஜ் என அது அவரோடு வந்திருக்கின்றது. வாயில் மண்டபத்தில் அவர் அமர்ந்திருந்தபோது அவரிடம் இருந்த ஒரேயொரு திறப்பு அதுதான்.

யாருடைய வீடு?

எமது ஊர் வழக்கத்தைச் சற்று எண்ணிப்பார்ப்போம். ஒல்லாந்தர் காலத்தில், 1707ஆம் ஆண்டில் சட்டமாக்கப்பட்ட தேசவழமை, பெண்ணுக்குச் சீதனம் கொடுக்கும் எமது முறையை எழுத்தில் பதிந்திருக்கின்றது. பல குடும்பங்களில் கடைசி மகளுக்குப் பெற்றோர் தாம் இருக்கும் வீட்டையே சீதனமாக எழுதிவிட்டு, அதிலேயே அவளோடு வாழ்ந்தனர். உறுதி மகளின் பெயரில் இருந்தபோதும், கிணறு தாய் இறைத்த கிணறு. வேலி தாய் அடைத்த வேலி. படலையைத் திறந்து வெளியே செல்ல அவர் எவரிடமும் கேட்க வேண்டியதில்லை. அங்கு விருந்தாளியாக வந்தவர் மருமகனே. அவருக்கு நடுத்துண்டு வைப்பதும், அவரோடு அளவாகப் பேசுவதும் அதனாலேயே ஏற்பட்டவை. அவை வீட்டுக்காரி ஒருவர் தம் விருந்தாளிக்குக் காட்டிய மரியாதைகள்.

இங்கு அனைத்தும் தலைகீழாக மாறிவிட்டன. வாடகை ஒப்பந்தத்தில் மாமியின் பெயர் இல்லை. தபாற்பெட்டியில் அவர் பெயர் இல்லை. வெளியில் செல்ல மருமகனின் காரும், பேச மகளின் மொழியும், வீடு திரும்பப் பிறரின் திறப்பும் தேவை. அவருக்கென எஞ்சியிருப்பவை அடுப்பும், மின்விளக்கை அணைக்கும் அதிகாரமும், ஐஸ்கிறீம் பெட்டிகளுமே. அவற்றிற்காக அவர் போராடுவதைக் கண்டு நாம் சிரிக்கின்றோம். கையிலிருந்த காணியெல்லாம் போன பின்னர் எஞ்சிய ஒரு பரப்பைக் காப்பவர் அவ்வாறுதான் காப்பார்.

மேலும் ஒன்றைத் துணிந்து கூறவேண்டும். "அம்மா அங்கே தனியாகக் கஷ்டப்படுகின்றார், அதனால் அழைத்தோம்" என்று நாம் எல்லோரும் சொல்கின்றோம். அது பொய்யன்று, ஆயினும் முழு உண்மையுமன்று. இரு பிள்ளைகளையும் பராமரிப்பு நிலையத்தில் விட்டிருந்தால் எங்களுள் ஒருவருடைய சம்பளம் அதற்கே சென்றிருக்கும். நாங்கள் பின்னர் வீடு வாங்கியதற்கு மாமியின் இரு கைகளும் காரணம். ஆனால் அவருடைய பெயர் எந்தக் கணக்கிலும் எழுதப்படவில்லை.

கையொப்பமும் ஓய்வூதியமும்

கனடாவில் பெற்றோரைப் பொறுப்பேற்று அழைப்பவர் அரசுக்கு ஒரு கையொப்பம் இடுகின்றார். அக்காலத்தில் அது பத்து ஆண்டுகளுக்குரிய பொறுப்பு. 2014 தொடக்கத்திலிருந்து, கியூபெக் நீங்கலாக, இருபது ஆண்டுகளாக உயர்த்தப்பட்டது. கோபம் வரும்போது "நான் கையெழுத்துப் போட்டனான்" என்று கூறும் மருமகன்களை நான் அறிவேன். அவர்களுள் நானும் ஒருவன்.

பத்து ஆண்டுகள் நிறைந்தபோது ஒரு வியப்பு நிகழ்ந்தது. அறுபத்தைந்து வயதைக் கடந்தவர் இந்நாட்டில் பத்து ஆண்டுகள் வாழ்ந்திருப்பின் முதியோர் ஓய்வூதியத்திற்குத் தகுதி பெறுகின்றார். மாமிக்கு முதற் காசோலை வந்த மாதத்திலேயே, அதுவரை வருடத்திற்கொரு முறை அழைத்த உறவினர்கள், "அம்மா கொஞ்ச நாள் எங்களோடையும் இருக்கட்டுமே" என்று அழைக்கத் தொடங்கினர். பாசம் பத்து ஆண்டுகள் வதிவிட நிபந்தனையை நிறைவுசெய்யக் காத்திருந்தது போலும்! அக்காசோலை கூட்டு வங்கிக் கணக்கில் வைப்பிடப்பட்டு, வீட்டுக் கடன் என்னும் கடலில் கலந்துவிட்டதை மாமி அறியார். இரண்டு ஆண்டுகள் நாங்கள் அதனைச் செய்தோம். வெட்கத்தோடு எழுதுகின்றேன். இதை வாசிப்பவர்களுள் வெட்கப்பட வேண்டியவர் நான் ஒருவன் மட்டும் அல்லன் என்பதும் எனக்குத் தெரியும்.

இன்று நிலைமை இன்னும் இறுக்கமானது. 2011 டிசம்பரில் அறிமுகமான 'சுப்பர் விசா'வில் வரும் பெற்றோருக்கு நிரந்தர வதிவிட உரிமை இல்லை, மருத்துவக் காப்புறுதியும் தனியாக வாங்கப்பட வேண்டும். அவர்கள் எமது தயவில் மாமியைவிடப் பன்மடங்கு தங்கியிருக்கின்றனர். ஆகவே எமது பொறுப்பும் பன்மடங்கு பெரிது.

திறப்புக் கிடைத்த பின்

அடுத்த நாளே திறப்பு வெட்டுவித்தோம். முதல் நாள் மாமி கட்டட வாயில் வரை சென்று, ஐந்து நிமிடம் நின்று, திரும்பி வந்தார். இரண்டாம் வாரம் அடுத்த கட்டடத்தில் மூன்று அம்மம்மாக்களைக் கண்டுபிடித்தார். கோடையில் அவர்களோடு வாங்கில் அமர்ந்தார். இரண்டு ஆண்டுகளில், முகவரி எழுதிய துண்டோடு தனியாகப் பேருந்தில் கோவிலுக்குச் சென்று வந்தார். பேருந்துப் பாதைகளைப் பற்றி இன்றும் நான் அவரிடமே கேட்கின்றேன்.

இது எங்களுக்கு உடனே பிடித்துவிட்டது என்று எழுதினால் அது பொய். ஒரு மாலை வீடு வந்தபோது சமையல் ஆகியிருக்கவில்லை. மாமி மகனையும் கூட்டிக்கொண்டு சிநேகிதி வீட்டிற்குச் சென்றிருந்தார். "ஆரைக் கேட்டுப் போனவா?" என்று என் மனைவி உரத்துக் கேட்டார். கேட்ட பின்னர் நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அன்று முட்டை பொரித்து உண்டோம்.

நேரடிப் பேச்சுவார்த்தை தொடங்கிய பின்னர் மாமி ஐந்து மாதக் குறைகளையும் ஒரே மூச்சில் என்னிடம் கூறி முடித்தார். ஐஸ்கிறீம் பெட்டிகள் அதில் மூன்றாம் இடத்தில் இருந்தன. ஒரு தட்டை அவற்றுக்கென ஒதுக்கினோம். அலாரம் அடித்த நாளில் வந்த தீயணைப்பு வண்டியைவிட அத்தட்டு எங்கள் வீட்டில் அதிகத் தீயை அணைத்திருக்கின்றது.

என் மனைவி போடச் சொன்னதை இனிப் போடுகின்றேன். "மாமி, மாமி எண்டு பத்திரிகையிலை உருகி உருகி எழுதுறியள். அவவைக் குளிக்க வார்க்கிறது ஆர்? கண் டொக்டரிட்டைக் கூட்டிக்கொண்டு போறது ஆர்? அந்த வேலையிலை பாதியை எடுத்துப்போட்டு மிச்சத்தை எழுதுங்கோ." மாமிக்கு இன்று எண்பத்தாறு வயது. இக்கேள்விக்கு என்னிடம் தகுந்த மறுமொழி இல்லை. செவ்வாய்க்கிழமைகளில் மருத்துவரிடம் அழைத்துச் செல்லும் பொறுப்பை ஏற்றிருக்கின்றேன். பாதி ஆகவில்லை, தொடங்கியிருக்கின்றேன்.

ஆகவே வாசகர்களிடம் நான் வேண்டுவது பெரிதன்று. உங்கள் வீட்டிலுள்ள முதியவரிடம் வீட்டுத் திறப்பும், உங்கள் தொலைபேசி இலக்கம் எழுதிய துண்டும், பேருந்துக் காசும் இருக்கின்றனவா எனப் பாருங்கள். அவருடைய ஓய்வூதியம் அவர் கையில் அவர் எண்ணிப் பார்க்கும்படி இருக்கட்டும். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள "இன்று இயலாது" என்று சொல்லும் உரிமை அவருக்கு இருக்கட்டும். உங்கள் சண்டைக்கு அவரை நீதிபதியாக்காதீர்கள், பிள்ளைகளைத் தூதுவர் ஆக்காதீர்கள். முதியவர்களிடமும் ஒரு வேண்டுகோள்: இலண்டனுக்கு அழைக்குமுன் ஓர் இரவு பொறுத்திருங்கள். பெரும்பாலான சண்டைகள் காலையில் இருப்பதில்லை.

எங்கள் மகளுக்கு இப்போது முப்பதைக் கடந்த வயது. வருகின்ற சித்திரையில் அவளுக்குக் குழந்தை பிறக்கவிருக்கின்றது. சென்ற மாதம் அவள் எங்களிடம், "அம்மா, அப்பா, இரண்டு பேரும் எங்களோடை வந்து இருங்கோவன்" என்று கேட்டாள். நான் மகிழ்ச்சியோடு வாய் திறக்குமுன் என் மனைவி கேட்டார்:

"திறப்புத் தருவியோ?"

மகள் சிரித்தாள். மூலையில் நாற்காலியில் இருந்த மாமி சிரிக்கவில்லை. "இப்பவே கேட்டு வாங்கி வை பிள்ளை" என்றார்.